முதல் உப்பு கேட்டு வந்தவள்

மரக்காணம்
12.02.2024

அன்பு மருமகள் யுவராணிக்கு உன் தாய்மாமன் ராஜாங்கம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். ஓசூரில் நீயும் நன்றாகத்தான் இருப்பாய். கோபம் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று சித்த வைத்தியத்திலேயே இருக்கிறது.

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். தாராளமாகப் பண்ணிக்கொள். போனை அடைக்கலாம், போஸ்ட்மேனை அடைக்க முடியாது. அதுவுமில்லாமல் பேச்சைவிட எழுத்தில் நான் கெட்டிக்காரன். ராஜாங்கம் எட்டாவதோடு நின்றவன் என்று ஊரில் சொல்வார்கள். நின்றது வாஸ்தவம். ஆனால் அந்த எட்டாவதில் என் கட்டுரையைப் பார்த்துவிட்டுத் தமிழய்யா தன் மாமனாருக்கு எழுத வேண்டிய கடிதத்தை என்னிடம்தான் எழுதி வாங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் மாமனார் வீட்டில் அவருக்குக் கறிச்சோறு போட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து நீ பஸ் ஏறப் போன அன்று, ஏ.டி.எம். வாசலில் குந்தியிருக்கிற அந்தப் பச்சைப் புடவைக்காரிக்கு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தாய். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கி உன் பையில் திருப்பி வைத்தேன். நடந்தது இவ்வளவுதான். நீ உன் அம்மாவிடம் 'மாமா பிடுங்கினார்' என்று சொல்லியிருக்கிறாய். பிடுங்குவது வேறு, வாங்குவது வேறு. பிடுங்கியிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

கூட்டம் கூடியதற்கு நான் பொறுப்பல்ல. கூடியவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லாமல் அனுப்பி வைப்பது மரியாதையும் அல்ல. நாற்பது பேர் நின்று கேட்டார்கள். புதுச்சேரி பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டான். நீ மட்டும்தான் கேட்காமல் அந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாய். அதனால் அன்று சொன்னதை மறுபடி எழுதுகிறேன்.

பிச்சை போடுவது உப்புப் பாத்தியில் நல்ல தண்ணீரை ஊற்றுவது மாதிரி. ஊற்றுகிறவனுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பாத்தியில் விளைந்தது எல்லாம் கரைந்து போகும். ஒரு மனுஷிக்குள் உழைக்கணும் என்று கொஞ்சமாவது ஒரு எண்ணம் விளைந்திருக்கும் அல்லவா? உன் ஐநூறு ரூபாய் அதைக் கரைத்துவிடும். அந்தப் பொம்பளைக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, குரல் இருக்கிறது. அந்தக் குரல் எனக்கு இருந்திருந்தால் நான் எம்.எல்.ஏ. ஆகியிருப்பேன். நான் நன்றாக விசாரித்துவிட்டேன். அவளுக்குப் பெருமுக்கல் பக்கம் இரண்டு ஏக்கர், கிணற்றோடு. மகன் துபாயில். காலையில் ஆட்டோவில் வந்து இறங்குகிறாள்.

இந்த வருஷம் முதல் என் நாலு ஏக்கர் உப்பளத்திலும் இதுதான் சட்டம். வேலை என்று வந்தால் வேலை உண்டு. சும்மா என்று வந்தால் காற்றுதான் உண்டு. தரையை மிதித்து இறுக்கி, உப்புத் தண்ணீர் கட்டி, பாத்திகள் கண்ணாடி மாதிரி நிற்கின்றன. மார்ச் முதல் வாரத்தில் முதல் உப்பு வாருகிறோம். வந்து பார். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை.

உன் மாமன்,
ராஜாங்கம்


ஓசூர்
19.02.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடிதத்திலேயே பதில் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் 'ஹலோ' சொன்னதோடு என் பங்கு முடிந்துவிடும்.

கூட்டத்தில் நாற்பது பேர் இல்லை, பதினோரு பேர். அதில் மூன்று பேர் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க வந்து, நீங்கள் வழியை மறைத்து நின்றதால் போக முடியாமல் நின்றவர்கள். பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்தது டீ குடிக்க. நீங்கள் பேசிய அவ்வளவு நேரமும் அந்த அம்மா கையை நீட்டியபடியே இருந்தார். விரல்கள் தாளைப் பிடித்திருந்த மாதிரியே மடங்கி இருந்தன. நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு உங்கள் பேச்சு மட்டும்தான் தெரியும்.

பெருமுக்கல் இரண்டு ஏக்கர் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் திண்டிவனத்தில் மாடி வீடு என்று சொல்லியிருக்கிறீர்கள். சின்னம்மாவிடம் வட்டிக்கு விடுகிறாள் என்றீர்களாம். மாமா, அவர் பெயர் என்ன தெரியுமா? அதை மட்டும் இதுவரை நீங்கள் விசாரிக்கவில்லை.

கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்று அவ்வளவு கவலைப்படுகிற நீங்கள், கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். போட்டோக்காரர் வரும்வரை கரண்டியைச் சாய்க்கவே இல்லை. இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அன்று சாப்பிட்டவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லையா? அல்லது போட்டோவில் விழுந்தால் கெடாதா?

நான் பெரிய தருமப் பிரபு என்று எழுதவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அன்று நான் ஐநூறு ரூபாய் கொடுத்தது இரக்கத்தால் அல்ல. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்காமல் இருந்தால் போதும் என்று கொடுத்தேன். கையில் வந்தது ஐநூறு. அது அவருக்கு நல்லது செய்திருக்குமா, கெட்டது செய்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கொடுத்ததை ஊர் நடுவில் ஒருத்தர் கையிலிருந்து எடுப்பது என்ன செய்யும் என்று தெரியும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் உப்புக்கு வரமாட்டேன். லேப்பில் லீவு இல்லை. இருந்தாலும் வரமாட்டேன்.

யுவராணி


மரக்காணம்
06.03.2024
(ஸ்பீடு போஸ்ட்)

யுவராணிக்கு மாமன் அவசரமாக எழுதுவது.

பழைய சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது என் நாலு ஏக்கர் உப்பும் பாத்தியிலேயே கிடக்கிறது. இறங்கி வார ஒரு ஆள் இல்லை. எல்லாம் அந்தப் பச்சைப் புடவைக்காரியால்.

உனக்கு நம் அளத்து வழக்கம் தெரியும். தெரியாவிட்டால் தெரிந்துகொள். வருஷத்தின் முதல் உப்பு வாருகிற அன்று வரப்பில் கற்பூரம் ஏற்றி, முதல் கூடையை வரப்பின் மேல் கொட்டி வைப்போம். உச்சிப்பொழுதுக்குள் யார் வந்து கேட்டாலும் அதிலிருந்து ஒரு படி எடுத்துக்கொண்டு போகலாம். கையில் கொடுக்கக்கூடாது, கையில் கொடுத்தால் சண்டை வரும். அவர்களாகவே அள்ளிக்கொள்ள வேண்டும். கேட்டு வந்த ஆள் வெறுங்கையோடு போனால், அதே ஆள் திரும்பி வந்து அள்ளும்வரை ஒருவரும் உப்பு வாரும் பலகையைப் பாத்தியில் வைக்கமாட்டார்கள்; வைத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். என் அப்பா காலத்தில் ஒரு பைத்தியக்காரனைத் தேடி மாட்டு வண்டியில் செஞ்சிவரை போயிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் கற்பூரம் ஏற்றினோம். கூடையைக் கொட்டினோம். உப்பென்றால் உப்பு, முல்லைப்பூவைக் கொட்டியது மாதிரி. பக்கத்து அளத்துக்காரர்கள் எல்லாம் வந்து கண் வைத்துவிட்டுப் போனார்கள். பத்து மணிக்கு ஒரு அலுமினியக் குண்டானோடு அவள் வந்தாள். ஏ.டி.எம். வாசலிலிருந்து இவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறாள். நடக்க முடிகிறது என்றால் வேலை செய்ய முடியாதா? நான் கேட்டேன், தப்பா?

"இந்தாம்மா, இந்த வருஷம் சும்மா கெடையாது. ஒரு கூடை தூக்கு, கூலியும் தரேன், உப்பும் தரேன்" என்றேன். கேட்பவர்களுக்குப் பயன்படுமே என்று கொஞ்சம் விரிவாகவும் பேசினேன்.

அவள் குண்டானைக் கவிழ்த்துத் தட்டினாள். காலிக் குண்டானில் என்ன இருக்கிறது தட்டுவதற்கு? தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தால் வேலையாட்கள் பதினாலு பேரும் வரப்பில் ஏறி நிற்கிறார்கள். சுலோசனா, நம்மிடம் பன்னிரண்டு வருஷமாகக் கூடை தூக்குகிறவள், அவள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

"ஏம்மா, இறங்குங்க."

"சாமுண்டீஸ்வரி அக்கா வந்து அள்ளட்டும்ணே. அப்புறம் எறங்கறோம்."

"யாரு அது சாமுண்டீஸ்வரி?"

"இப்ப தொரத்தினீங்களே, அவங்கதான்."

"தொரத்தலை. வேலை குடுத்தேன்."

"வேலையா கேட்டாங்க? உப்பு கேட்டாங்க" என்றாள்.

பிரம்மதேசத்திலிருந்து வெளியாட்களைக் கூட்டிவந்தேன். வண்டியிலிருந்து இறங்கிப் பீடி பற்றவைத்தார்கள், பேச்சு கொடுத்தார்கள், விஷயம் தெரிந்ததும் அதே வண்டியில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதாம்.

உப்பு இப்படியே நின்றால் தரையோடு பிடித்துக்கொள்ளும். கெட்டித்துப் போனால் கடப்பாறை போட வேண்டும்; தரை உடையும்; மறுபடி மிதித்து இறுக்க ஒரு மாதம். இடையில் ஒரு கோடை மழை போதும், எல்லாம் தண்ணீர். குத்தகை நிலம் என்பது உனக்குத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு உன் மேல் ஒரு இது இருக்கும். நீ ஒருநாள் வந்து கூப்பிட்டால் வந்துவிடுவாள். உடனே புறப்படு. பஸ் காசு நான் தருகிறேன்.

மாமன்


ஓசூர்
09.03.2024

மாமாவுக்கு,

வரமாட்டேன்.

என் மேல் அவருக்கு எந்த 'இது'வும் இருக்காது. ஐநூறு ரூபாயைக் கொடுத்து, அதை அவர் கையிலிருந்து இன்னொருத்தர் எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு நின்று, பஸ் ஏறிப் போனவள் நான். உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்தக் கணக்குத்தான்.

துரத்தியது நீங்கள். கூப்பிட வேண்டியதும் நீங்கள். தனியாகப் போங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பேச ஆரம்பித்தால் இரண்டு வாக்கியத்தில் நிறுத்துங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், முயற்சி செய்யுங்கள்.

முதல் முறையாக உங்களுக்கு ஒருத்தரிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது, அவருக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டியதில்லை. எப்படிக் கேட்பீர்கள் என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வரமாட்டேன்.

யுவராணி


மரக்காணம்
15.03.2024

அன்பு மருமகளுக்கு,

கவலை தீர்ந்தது. உன் உதவி தேவைப்படவில்லை. நான் நேராகப் போனேன், ஒரு பார்வை பார்த்தேன். அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க வந்து கூப்பிடணுமா ராஜாங்கம் ஐயா? ஒரு ஆளை அனுப்பியிருந்தா வந்திருப்பேனே" என்றாள். ஷேர் ஆட்டோ வைத்துக் கௌரவமாக அனுப்பினேன். அள்ளிக்கொண்டாள். "இந்த மாதிரி உப்பை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை" என்று சொன்னாளாம். உடனே ஆட்கள் இறங்கினார்கள். மூன்று நாளில் வாரி முடித்தோம். மலை மலையாகக் குவித்து ஓலை போட்டு மூடியிருக்கிறது. ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற கார்க்காரர்கள் இறங்கி போட்டோ எடுக்கிறார்கள்.

மனிதர்களைக் கையாளத் தெரிய வேண்டும். அதற்குப் படிப்பு தேவையில்லை.

ராஜாங்கம்


ஓசூர்
20.03.2024

மாமாவுக்கு,

சுலோசனா அக்காவிடம் என் நம்பர் இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள்.

'அள்ளிக்கொண்டாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் அளத்தில் இல்லை. எங்கே இருந்தீர்கள் என்று சுலோசனா அக்கா சொல்ல ஆரம்பித்து, சிரிப்பு வந்து, போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அதேதான். தலையில் துண்டு என்பது மட்டும் புரிந்தது.

நீங்களே எழுதுங்கள். சோடித்து எழுதினால் படிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

யுவராணி


மரக்காணம்
28.03.2024

யுவராணிக்கு,

சரி, எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. உன் அம்மாவிடம் காட்டாதே. அவள் சின்னம்மாவிடம் சொல்வாள், சின்னம்மா மைக் செட் வைத்துச் சொல்வாள்.

நீ சொன்னபடி தனியாகத்தான் போனேன். முதல் நாள் ஒரு படி உப்பை மஞ்சப்பையில் கட்டி எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்தேன். இரண்டே வாக்கியம் பேசினேன். இரண்டும் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அவள் பையைக் காலால் தள்ளினாள்.

"அளத்துல கேட்டதை அளத்துல குடுக்கணும். இங்க கொணாந்து போட்டா அது முதல் உப்பா? கடை உப்பு. எங்கிட்டயும்தான் காசு இருக்குது, கடைல வாங்கிக்க மாட்டேன்?"

இரண்டாம் நாள், சரி அளத்துக்கே வா, ஆட்டோ வைக்கிறேன் என்றேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாள். அங்கே செருப்புக்கடை நிழலில் ஒருத்தன் குந்தியிருந்தான்.

"இடையஞ்சாவடிக்காரன். ஒரு மாசமா குந்தினு இருக்கான், நான் எப்ப எழுந்திரிப்பேன்னு. திங்கக்கிழமை உன் அளத்துக்கு வந்துட்டுப் போறதுக்குள்ள இடத்துல துண்டைப் போட்டுட்டான். அவனை எழுப்ப எனக்கு ரெண்டு நாளாச்சு. மறுபடி வந்தா இடம் போச்சுன்னு அர்த்தம். உன் உப்பு என்னா, ஒரு படி. இடம் எனக்கு வருசம் பூரா."

"நம்ம ஆள் ஒருத்தனை உக்கார வெக்கிறேன்."

"கூலிக்குக் குந்தறவன் வெயில் ஏறினா எழுந்து போயிடுவான். உனுக்குத்தான் அங்க உப்பு கெடக்குது. நீ எழுந்திரிக்க மாட்ட. நீ குந்து."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அளத்துக்குப் போய்ப் பாத்தியில் கை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நகம் இறங்கவில்லை, கெட்டித்துக்கொண்டிருந்தது. கிழக்கே கடல் பக்கம் கறுப்பாக ஒரு மேகம். அது வெறும் மேகம்தான், பிறகு கலைந்துபோனது. ஆனால் அப்போது தெரியாதல்லவா?

காலை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தேன். தலையில் துண்டைப் போட்டு முகம் வரைக்கும் இழுத்துவிட்டேன். சட்டையைக் கழற்றச் சொன்னாள். இஸ்திரி போட்ட சட்டையோடு குந்தினால் இடத்துக்குக் கெட்ட பேராம். பழைய பனியனோடு உட்கார்ந்தேன். அவள் தன் கோணிச் சாக்கையும் தட்டையும் எனக்கு விட்டுவிட்டு, "தட்டை காலியா வெக்காத, ரெண்டு காசு கெடக்கணும். ரொம்பவும் கெடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மகாராணி மாதிரி ஆட்டோவில் ஏறிப் போனாள்.

அப்புறம் நடந்ததைச் சோடிக்காமல் எழுதுகிறேன். சோடிக்கவே இதில் இடமில்லை.

கீழே உட்கார்ந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. முழங்காலும் பையும்தான். உள்ளே மிஷின் நோட்டு எண்ணுகிற சத்தம் வெளியே நன்றாகக் கேட்கிறது. பத்தாயிரத்துக்கு எவ்வளவு நேரம் கடகடவென்று ஓடும் என்று எனக்கு இப்போது பாடம். அவ்வளவு நேரம் ஓடவிட்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "சில்றை இல்லைப்பா" என்றார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு அம்மா காசு போட்டாள். போட்டதும் கையைப் புடவையில் துடைத்தாள். என் மேல் பட்டுவிடவில்லை, தட்டில்தான் போட்டாள். ஆனாலும் துடைத்தாள்.

மூன்று காலேஜ் பசங்கள் வந்தார்கள். ஒருத்தன் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான், ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்தான். "தாத்தா, கொஞ்சம் துண்டைத் தூக்குங்க. இப்படிப் பாருங்க. வாங்கும்போது சிரிங்க தாத்தா" என்றான். நான் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். "வெக்கப்படறாரு மச்சான், சூப்பரா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே போட்டிருக்கிறார்களோ தெரியவில்லை. நீ பார்த்தால் எனக்குச் சொல்லாதே.

பத்தரை மணிக்கு உரக்கடைக்காரர் வந்தார். திண்டிவனத்திலிருந்து வந்து புதிதாகக் கடை போட்டிருப்பவர், என்னை நேரில் பார்த்ததில்லை. குனிந்து நின்றார். நல்ல மனிதர், கோபமே இல்லாமல் பேசினார்.

"ஏம்பா, கை கால் நல்லாத்தானே இருக்குது? இப்படிக் குந்தினு போறவங்க வர்றவங்க கையைப் பாக்கறதுக்கு வெக்கமா இல்ல? உப்பளத்துக்குப் போயேன். ராஜாங்கம்னு ஒருத்தரு, ஆள் கெடைக்காம அல்லாடறாராம். போய்க் காலைப் புடிச்சா வேலை போட்டுக் குடுப்பாரு. கொஞ்சம் பேசுவாருன்னு சொல்றாங்க. பொறுத்துக்க."

நான் தலையாட்டினேன். அவர் ஐந்து நிமிஷம் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் நியாயமான வார்த்தை. நானே எழுதிக் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. ஆனால் யுவராணி, அவர் பேசுகிற அவ்வளவு நேரமும் அவர் நிழல் என் மேல் விழுந்தது. வெயிலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் எப்போது நகருவார் என்றிருந்தது. ஒரு காசும் போடாமல்தான் நகர்ந்தார். கொள்கைக்காரர்.

இடையஞ்சாவடிக்காரன் இரண்டு தடவை ரோட்டைத் தாண்டி வந்து என்னை முறைத்தான். மூன்றாம் தடவை பக்கத்தில் குந்திப் பீடி கேட்டான். என்னிடம் இல்லை. அவனே ஒன்று கொடுத்தான். "புதுசா?" என்றான். ஆமாம் என்றேன். "கையை மார்புக்கு மேல தூக்காத, வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினோரு மணி தாண்டித்தான் அவள் வந்தாள். குண்டானில் உப்பு இருந்தது. உப்பு எப்படி என்று கேட்டேன். நாக்கில் ஒரு கல்லை வைத்தாள்.

"போன வருச உப்பே மேலு" என்றாள்.

அவளிடம் ஒன்று கேட்டேன். பெருமுக்கல் நிலத்தைப் பற்றி நேராகக் கேட்க முடியுமா? சுற்றி வளைத்து, "உனுக்கு எந்த ஊரும்மா, புள்ளைங்க எல்லாம் இருக்கா?" என்றேன்.

"கதை கேக்க இருவது ரூபா" என்றாள்.

கழற்றிய சட்டையை அவள் போன ஆட்டோவிலேயே அளத்துக்கு அனுப்பியிருந்தேன், பர்ஸ் அதில் இருந்தது. கேட்காமல் விட்டேன். ஆகவே அவளுக்கு நிலம் உண்டா, மாடி வீடு உண்டா என்பது இன்றுவரை உறுதியில்லை. இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன்.

பிறகு தட்டைப் பார்த்தாள். மூன்று மணி நேரத்தில் நாற்பத்தொரு ரூபாயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். (உன் சின்னம்மாவுக்கு எப்படியாவது தெரிந்துவிட்டால் முந்நூறு ரூபாய் என்று சொல்லிவை.) விரலால் ஒரு தடவை கிளறினாள். பாவம் பார்த்து ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பேசத் தெரிஞ்சா போதுமாய்யா? உனுக்குக் கேக்கத் தெரியல. எழுந்திரி."

எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. அவள் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

உப்பைப் பொறுத்தவரை எழுதியதில் பாதி நிஜம். மூன்று நாளில் வாரினோம். கெட்டித்த ஓரங்களில் தரை கொஞ்சம் பெயர்ந்து, சேற்று உப்பு பத்து மூட்டை அளவுக்கு வந்தது. அதை ஐஸ் பேக்டரிக்குத்தான் தள்ள முடியும். மீதி நல்ல உப்பு. கார்க்காரர்கள் யாரும் இறங்கி போட்டோ எடுக்கவில்லை. ஒரு மாடு இறங்கி ஓலையைத் தின்றது.

நீ கேட்பாய், இப்போது என்ன சொல்கிறீர்கள் மாமா, கொடுப்பது நல்லதா கெட்டதா என்று. என் கொள்கையில் மாற்றமில்லை. கொடுத்தால் மனிதன் கெட்டுத்தான் போவான். எந்த மனிதன், கொடுக்கிறவனா வாங்குகிறவனா என்பதை நான் இன்னும் முழுதாக ஆராயவில்லை. கையைத் துடைத்தாளே அந்த அம்மா, அவள் கெட்டாளா, நான் கெட்டேனா? சில்லறை இல்லை என்றவர் யாரையும் கெடுக்காமல் சுத்தமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். எட்டாவது படித்தவன் இவ்வளவுதான் யோசிக்க முடியும். மீதியை லேப்பில் போட்டு நீ பார்.

இந்தக் கடிதத்தை இங்கே முடிக்கத்தான் இருந்தேன். நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சுலோசனா போன் பண்ணுவதற்குள் நானே சொல்வது நல்லது.

நேற்றுச் சாயந்திரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருந்தேன். உப்பு வியாபாரி பாலகுரு வந்திருந்தார், விலை பேச. கூட இரண்டு அளத்துக்காரர்கள். சேற்று உப்பையும் நல்ல உப்பு விலைக்குத் தள்ளிவிடலாம் என்று பேச்சை அழகாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. சொன்னேனே, எம்.எல்.ஏ. குரல் என்று.

"ராஜாங்கம்! ஏ ராஜாங்கம்!"

ஐயா இல்லை, அண்ணே இல்லை. கூட வேலை பார்க்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. டீக்கடையே திரும்பியது.

"வெள்ளிக்கெழமை நான் கண்ணு காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவணும். இடத்தைப் பாத்துக்க வர்றியா? நீ சரிப்படமாட்டன்னு தெரியும். இந்த இடையஞ்சாவடிக்காரனை நம்பறதுக்கு நீ தேவலாம்."

பாலகுரு டீ கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அளத்துக்காரர்கள் பார்த்தார்கள். டீ ஆற்றுகிறவன் ஆற்றுவதை நிறுத்திவிட்டான். இந்த முறை என் உப்பு பாத்தியில் கிடக்கவில்லை. யாருக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை. சொல்வதற்கு என்னிடம் நூறு பதில் இருந்தது, ஒவ்வொன்றும் கைதட்டல் வாங்கக்கூடிய பதில். கூட்டமும் தயாராக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

"எத்தினி மணிக்கு?" என்றேன்.

உன் மாமன்,
ராஜாங்கம்